ஐந்து பேர் மட்டும் உன்னிடம் வரட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் உன் இன்னொரு போன் அடித்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். சாவகாசமாக உட்கார்ந்து படி.

உன் கார்மென்ட்ஸ் கம்பெனியில் இப்போது 65 பேர் இருக்கிறார்கள். 12 பேர் இருந்தபோது நடந்த மாதிரியே இன்னும் நடக்கிறது. நூல் கலர் சரியா என்று கேட்பதும் உன்னிடம்தான், சாயப்பட்டறைக்கு வண்டி கேட்பதும் உன்னிடம்தான், லீவு கேட்பதும் உன்னிடம்தான். பையரை, அதுதான் ஆர்டர் கொடுக்கிறவரை, பார்க்க நீ ஒரு நாள் சென்னை போனால் கட்டிங் டேபிள் மறுநாள் வரை சும்மா கிடக்கிறது. ஆள் இருக்கிறது. எதை யார் முடிவு செய்யலாம் என்பதைத்தான் யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

அதற்காக உடனே பேப்பரை எடுத்துக் கட்டம் போட்டு மேனேஜர், இன்சார்ஜ் என்று எழுதிவிடாதே. அப்படி எழுதினால் இருக்கிற ஆட்களின் அளவுக்குப் பதவியை வெட்டுவாய். முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடு. பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டு, உன்னிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் எழுது: யார் கேட்டது, என்ன கேட்டது, நான் இல்லாவிட்டால் யார் பதில் சொல்லியிருக்கலாம். உதாரணமாக: ‘ஓவர்லாக் டெய்லர் — நேவி நூல் தீர்ந்தது, கருப்பு போடலாமா — ட்ரிம் கார்டை (நூல், லேபிள் மாதிரி ஒட்டிய அட்டை) பார்த்து லைன் சூப்பர்வைசர்.’ மூன்றாவது பத்தியில் எந்தப் பெயர் அடிக்கடி வருகிறதோ அவருக்கு அந்த அதிகாரத்தை எழுதிக் கொடு. பெயர் எழுத முடியாமல் காலியாக நிற்கிற வரிகளுக்குத்தான் வெளியிலிருந்து ஆள் தேட வேண்டும்.

உன் கம்பெனி அளவுக்கு நேராக உன்னிடம் பேசுகிறவர்கள் ஐந்து பேர் போதும்: மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிறவர்), புரடக்‌ஷன் இன்சார்ஜ், குவாலிட்டி, ஸ்டோர், அக்கவுன்ட்ஸ். கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர்கள், அயர்னிங், பேக்கிங் எல்லாம் புரடக்‌ஷனுக்குக் கீழே. நன்றாகத் தைக்கிற டெய்லரையே சூப்பர்வைசர் ஆக்கத் தோன்றும். அவர் பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) வாரம் எவ்வளவு எடுக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசு. அதைவிடக் குறைந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தால் மூன்றாம் மாதம் திரும்ப மெஷினில் உட்கார்ந்துவிடுவார். அல்லது வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

குவாலிட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் புரடக்‌ஷனுக்குக் கீழே வைக்காதே. புரடக்‌ஷன்காரருக்கு ஷிப்மென்ட் தேதி தலைக்கு மேல் நிற்கும். துணி காம்பாக்டிங் (பின்னால் சுருங்காமல் இருக்க மெஷினில் அழுத்தி எடுப்பது) முடிந்து வந்ததும், விரித்து ஆறவிடாமல் டேபிளில் ஏற்றச் சொல்வார். இழுபட்டிருந்த துணி வெட்டிய பிறகு சுருங்கும். எம் சைஸ், எம் அளவில் நிற்காது. ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பதும் அப்படித்தான். வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டித் தராசில் வைத்தால், கிராமை நூறால் பெருக்கியதுதான் ஜி.எஸ்.எம். ஆர்டர் 180, ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று பையர் ஒப்புக்கொண்டிருந்தால் 1.71 முதல் 1.89 கிராம் வரை சரி. தராசு 1.68 காட்டும்போது ‘வெட்டாதே’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளத்தையும் லீவையும் முடிவு செய்கிறவர் புரடக்‌ஷன் இன்சார்ஜ் என்றால் அவர் வாய் திறக்கமாட்டார். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது, கண்ணு.

அடுத்தது பணம். ஆர்டர் போடுகிறவர், சரக்கை எடை போட்டு இறக்குகிறவர், பில்லைப் பாஸ் பண்ணுகிறவர், மூவரும் மூன்று பேராக இருக்க வேண்டும். சாயத்துக்குப் போன கிலோவும் திரும்பி வந்த கிலோவும் டி.சி.யில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) லாட் வாரியாக ஸ்டோர் எழுதட்டும். அதைப் பார்க்காமல் அக்கவுன்ட்ஸ் பில்லில் கையெழுத்துப் போடக்கூடாது. செலவுக்கும் வரம்பு எழுதிக் கொடு. ஊசி, எண்ணெய், அவசர நூல் என்று 5,000 ரூபாய் வரை ஸ்டோரே வாங்கலாம். 50,000 வரை இரண்டு கையெழுத்து. அதற்கு மேல்தான் நீ. தொகையை உன் வசதிப்படி மாற்றிக்கொள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு நிற்காதே, எழுத்தில் இருக்கட்டும். பிரிண்டிங், சாயப்பட்டறை மாதிரி சிறு தொழில் பதிவு உள்ள ஜாப் ஒர்க்காரர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் போய்விட வேண்டும். அந்தத் தேதியைப் பார்ப்பதும் அக்கவுன்ட்ஸ் பொறுப்பு என்று எழுது.

10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம் என்பது உனக்குத் தெரியும். இரண்டும் மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். பெண்கள் இவ்வளவு பேர் வேலை செய்கிற இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்கும் உள் புகார்க் குழு பெயரளவில் இருந்தால் போதாது. தலைவராகப் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பெயர்களைச் செக்கிங் டேபிள் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டு.

இதெல்லாம் எழுதி ஒட்டிய மறுநாள்தான் சிரமம் ஆரம்பிக்கும். சூப்பர்வைசரைத் தாண்டி டெய்லர் உன்னிடமே வருவார், ‘அக்கா, இந்த லேபிள் வைக்கலாமா?’ என்று. உனக்குப் பதில் தெரியும். சொல்ல அரை நிமிடம் ஆகாது. சொல்லாதே. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சூப்பர்வைசர் முன்னால் நிறுத்தி, ‘நீங்களே சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிடு. சூப்பர்வைசர் தப்பாகச் சொன்னால் தனியாகக் கூப்பிட்டுத் திருத்து; லைனில் எல்லோர் முன்னாலும் மாற்றினால் அன்றோடு அவர் பேச்சு எடுபடாது. காலை 8.45-க்கு ஐந்து பேரையும் நிற்க வைத்துப் பதினைந்து நிமிடம் பேசு: நேற்று எத்தனை பீஸ், இன்று எத்தனை, எது தடையாக நிற்கிறது. மற்றதெல்லாம் அந்தந்த ஆளோடு.

உன் சித்தப்பா ஸ்டோரில் இருக்கிறார். அவருக்கும் இதே விதிதான். அதை நீ தனியாக, வீட்டில் வைத்து, மரியாதையாக முன்கூட்டியே சொல்லிவிடு. சுவரில் ஒட்டிய பேப்பரைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆரம்பத்திலிருந்து இருக்கிற கட்டிங் மாஸ்டருக்கும் அப்படியே. புதிதாக வருகிற புரடக்‌ஷன் இன்சார்ஜை அவருக்கு மேலே வைக்கிறாய். ஆள் எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேள்.

தீபாவளிக்கு முன் எதையும் மாற்றாதே. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் யார் திரும்புவார்கள் என்று தெரிந்த பிறகு பதவிகளை அறிவிக்கலாம். ஆனால் நோட்டை இந்தத் திங்கட்கிழமையே ஆரம்பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதையும் கையோடு எடுத்து வா. மூன்றாவது பத்தியை இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
அப்பா