சாவியின் வேரை லத்தீன் வரை காட்டுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். 'சாவி' என்ற சொல்லைத் தேடினால் பூட்டைத் திறக்கும் கருவி என்ற பொருளும், போர்ச்சுகீசியச் சொல் என்ற குறிப்பும் கிடைக்கின்றன. இரண்டும் சரி. ஆனால் அந்தக் குறிப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. போர்ச்சுகீசிய 'ஷாவே'க்கு முன்னால் லத்தீன் 'கிளாவிஸ்' இருக்கிறது. அதையும், அதிலிருந்து பிறந்த மற்ற சொற்களையும் இரண்டு மூன்று வரியில் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

'கிளாவிஸ்' இத்தாலியத்தில் 'கியாவே', ஸ்பானியத்தில் 'யாவே', பிரெஞ்சில் 'கிளே', போர்ச்சுகீசியத்தில் 'ஷாவே'. பார்க்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும், ஆனால் இவற்றுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. லத்தீனில் மழை 'ப்ளூவியா', தீச்சுடர் 'ஃப்ளாம்மா'. போர்ச்சுகீசியத்தில் இவை 'ஷூவா', 'ஷாமா'. ஸ்பானியத்தில் 'யூவியா', 'யாமா'. சொல்லின் தொடக்கத்தில் மெய்யோடு லகரம் சேர்ந்து வந்த இடங்களில் ஒவ்வொரு மொழியும் தன் வழியில் மாறியிருக்கிறது. இன்னொன்று: இன்று 'ஷ' என்று கேட்கும் அந்தப் போர்ச்சுகீசிய ஒலி, 16ஆம் நூற்றாண்டில் நம் 'பச்சை'யில் வரும் 'ச்ச' போல இருந்தது. கப்பலேறி வந்தது அந்தப் பழைய ஒலிதான். இந்தியிலும் வங்காளத்திலும் வழங்கும் 'சாபி'யை அவர்கள் உச்சரிக்கும்போது இன்றும் அதைக் கேட்கலாம். எந்த மொழி வழியாகச் சொல் வந்தது என்பதற்கு வரலாற்று நூல் வேண்டாம், ஒலியே சாட்சி சொல்கிறது.

ஜன்னலிலும் இப்படி ஒரு சாட்சி உண்டு. லத்தீன் 'ஃபெனெஸ்த்ரா' இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் ஜன்னலாகவே தொடர்ந்தது. ஸ்பானியம் காற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'வென்தானா' என்றது. இந்த நான்கில் போர்ச்சுகீசியம் மட்டும் கதவைக் குறிக்கும் 'யானுவா'வை எடுத்து, சிறு கதவு என்ற பொருளில் 'ஜனேலா' என்றது. நாம் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இதையெல்லாம் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருந்தால் போதும், உறவு என்று அடித்துச் சொல்லும் பழக்கம் இப்போது எங்கும் பரவிக் கிடக்கிறது. அகராதி முடிவை மட்டும் சொல்லி, அந்த முடிவுக்கு வந்த வழியைக் காட்டாமல் விட்டால், ஆர்வமுள்ள மாணவருக்கு எது ஆதாரம், எது ஊகம் என்று எப்படித் தெரியும்?

பொருள் மாறிய கதை இன்னும் சுவையானது. 'கிளாவிகுலா' என்றால் சிறு சாவி. மருத்துவத்தில் அது காறை எலும்புக்குப் பெயரானது. அதே சொல் மக்கள் வாயில் சிதைந்து, முளை, ஆப்பு என்ற பொருள்களைக் கடந்து, பிரெஞ்சில் 'ஷெவீய்' என்றும் இத்தாலியத்தில் 'கவீல்யா' என்றும் கணுக்காலைக் குறிக்கிறது! பிரெஞ்சு 'கிளே'யும் இத்தாலிய 'கியாவே'யும் திருகு முடுக்கும் ஸ்பானரையும் குறிக்கும். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்றால் 'தானே பூட்டிக்கொள்வது'.

2025இல் புதிய போப் தேர்வானபோது நம் செய்திகளில் அடிபட்ட 'கான்கிளேவ்' இதே குடும்பம்தான். லத்தீனில் அது பூட்டக்கூடிய அறை. 1268இல் போப் நான்காம் கிளெமென்ட் இறந்த பிறகு, அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்க இத்தாலியின் வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடிவெடுக்காமல் இழுத்தடித்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். 1271இல் தேர்வான பத்தாம் கிரெகோரி, 1274இல் அந்தப் பூட்டையே விதியாக்கினார். சாவியின் பதிவில் ஒரு வரி இருந்தால், செய்தியில் வரும் புதுச்சொல்லும் நம் சாவிக்கொத்தும் ஒரே வேர் என்பது வாசகருக்குப் புரியும்.

வேரைச் சொல்லும்போது ஒரு பிரிப்பும் அவசியம். உழவர்கள் பால் பிடிக்காத நெல்லைச் 'சாவி' என்கிறார்களே, அது நம் சொந்தச் சொல். பூட்டின் சாவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டுக்கும் தனித்தனித் தலைப்புச்சொல் கொடுத்து, தொடர்பில்லை என்றும் வெளிப்படையாக எழுதுங்கள். 'கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தல்' போல நாமே உண்டாக்கிய வழக்குகளையும் விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கிய சொல் இங்கே வேர்விட்டதற்கு அவைதான் அடையாளம்.

தமிழுக்குப் போர்ச்சுகீசியத்தில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றை இயேசு சபைப் பாதிரியார் அந்தாவ் த ப்ரோயென்சா தொகுத்து, அது 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. இவ்வளவு பழைய உறவுள்ள மொழியிலிருந்து வந்த சொற்களுக்கு 'போர்.' என்ற சுருக்கக் குறி மட்டும் போதாது. அச்சில் இடமில்லை என்றால் இணையப் பதிப்பிலாவது செய்யலாம். சாவி, ஜன்னலுக்குப் பிறகு லத்தீன் 'மென்சா'விலிருந்து வந்த மேசை, ஆயுதத்தைக் குறிக்கும் 'அர்மா'விலிருந்து கிளைத்த அலமாரி என்று வீட்டுக்குள் இருக்கும் சொற்களிலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளை நாள்தோறும் புரட்டும் வாசகர்