லேப்டாப் வாங்காதே, கலா

அன்புள்ள கலா,

பொங்கலுக்கு நீ போட்ட மெசேஜுக்கே இன்னும் பதில் எழுதவில்லை. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். நேற்று உன் தம்பி சொன்னதைக் கேட்டதும் மனசு கேட்கவில்லை. லேப்டாப் வாங்க அம்மாவின் வளையலை அடகு வைக்கப்போகிறீர்களாமே? வேண்டாம்டி.

நம் படிப்புக்கு வேண்டிய மேப் சாஃப்ட்வேர் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். குறைந்தது 8 ஜிபி மெமரி வேண்டும், 32 இருந்தால் நல்லது என்று அதைத் தயாரிக்கும் எஸ்ரி நிறுவனமே சொல்கிறது. அதைப் படித்துத்தான் பயந்திருப்பாய். நானும் இங்கே அதே படிப்புதான். கையில் இருப்பது நம் காலேஜ் காலத்து 4 ஜிபி லேப்டாப். நீ கீழே போட்டு மூலையை உடைத்தாயே, அதேதான்!

எல்லா வேலையும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நடக்கிறது. பிரௌசரில் பல்கலைக்கழக லாகினைப் போட்டால் ஒரு முழு விண்டோஸ் திரை திறக்கும். கணக்கெல்லாம் அவர்கள் சர்வரில் ஓடும். நமக்கு வருவது திரையின் படம், நாம் அனுப்புவது கீபோர்டும் மவுஸும் சொல்வது, அவ்வளவுதான். நெட் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். விட்டு விட்டு வந்தால்தான் கை ஒரு பக்கம், மவுஸ் ஒரு பக்கம் போகும்.

உன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐடி பிரிவுக்கு இன்றே மெயில் போடு. ஆர்க்ஜிஐஎஸ் அவர்கள் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் இருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின் கிடைக்குமா என்று கேள். பதில் வரும்வரை கடைப் பக்கமே போகாதே. இந்த டெஸ்க்டாப்பைத் திறக்கும் ஆப்பின் பெயர் பழைய குறிப்புகளில் விஎம்வேர் ஹொரைசன் என்று இருக்கும், டவுன்லோடு செய்தால் ஓம்னிசா என்று வரும், குழம்பாதே. 2023-ல் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது, 2024-ல் ஹொரைசனைச் செய்த பிரிவு மட்டும் தனியாகப் போய் ஓம்னிசா ஆனது. அப்புறம், லாகின் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் ஆப்பில் வை. இங்கே வந்து சிம் மாற்றினால் உள்ளேயே நுழைய முடியாது.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. என் வகுப்பில் ஒரு பெண், பல வார வேலையை அந்த டெஸ்க்டாப்பிலேயே சேமித்து வந்தாள். பிரௌசர் ஜன்னலை மூடினால் தொடர்பு மட்டும்தான் அறும், சர்வரில் இருக்கும் அந்த மெஷின் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அதனால் மறுபடி நுழையும்போதெல்லாம் ஃபைல் அப்படியே இருந்தது. ஒரு நாள் முறையாக சைன் அவுட் செய்தாள். பல இடங்களில் சைன் அவுட் ஆனதும் மெஷினைத் துடைத்துப் புதிதாக்கிவிடுவார்கள். எல்லாம் போயிற்று. லைப்ரரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுததைப் பார்க்க முடியவில்லை, கலா. இதை முதல் நாளே, முதல் திரையிலேயே, பெரிய எழுத்தில் சொல்ல வேண்டாமா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நீ ஃபைல்களை நெட்டில் சேமிக்கும் ஒன்டிரைவில் வை. ஆனால் ஜியோடேட்டாபேஸை, அதாவது மேப் தகவல் எல்லாம் இருக்கும் ஃபோல்டரை, அங்கே வைத்துக்கொண்டே வேலை செய்யாதே. ஒன்டிரைவ் நகலெடுக்கும்போது ஃபைல் பூட்டிக்கொண்டு சிக்கல் வரும். மெஷினுக்குள் வைத்து வேலை செய், எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஜிப் செய்து ஒன்டிரைவுக்கு அனுப்பு. டீ குடிக்கப் போனாலும் சரி, சும்மா விட்டால் அதுவாகவே வெளியே தள்ளிவிடும்.

அந்த வசதி இல்லை என்று ஐடி பிரிவு சொன்னால் எனக்கு உடனே சொல், பழைய மெஷின் ஏதாவது பார்க்கலாம். அதுவரை வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும். நாகு அக்கா கல்யாணத்தில் என் பெயருக்கும் மொய் எழுதிவிடு, பணம் அனுப்புகிறேன்.

உன்,
வசந்தி