பூண்டி முதல் எண்ணூர் வரை கூட வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். எண்ணூர்ப் பிள்ளைகளைக் கொசஸ்தலை ஆற்றின் மேல்பக்கம் கூட்டிப்போய்க் காட்டும் பயணம் நல்லபடியாக முடிந்தது. கை கொடுத்தவர்கள் நிறையப் பேர், ஒவ்வொருவரையும் போனில் பிடித்து நன்றி சொல்வதற்குள் மழைக்காலம் வந்துவிடும் என்பதால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, பழங்காலக் கற்கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் பூண்டி அகழ்வைப்பக ஊழியர்களுக்கு. பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு முகம் சுளிக்காமல் ஒவ்வொரு கல்லாக விளக்கினீர்கள். கண்ணாடிக்குள் இருந்த கற்காலக் கைக்கோடரிக்கு நேராக ஒரு பையன் உள்ளங்கையை விரித்து அளவு பார்த்துவிட்டு, “என் கைக்குக் கரெக்டா இருக்கும் சார்” என்றான். 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதே ஆண்டு பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார் என்பதும், அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் தெரியவந்ததும் பாடமாகச் சொன்னால் அவனுக்கு மறந்துபோகலாம். கை அளவு மறக்காது.

அத்திரம்பாக்கத்தில் ஓடை வரை வழிகாட்டி, “பாருங்க, எடுக்காதீங்க” என்று அன்பாகவே அதட்டிய பெரியவருக்கும், வேனை அந்த மண்பாதையில் புலம்பாமல் ஓட்டிய தம்பிக்கும், புளிசாதம் கட்டிக்கொடுத்த காட்டுக்குப்பம் அக்காமாருக்கும் நன்றி. (ஊறுகாய்தான் கொஞ்சம் பத்தவில்லை, சொல்லித்தானே ஆகவேண்டும்.)

அப்புறம், பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பதிலுக்கு எண்ணூர் வந்த நாள். சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலையின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். ஆனால் அதே ஆறு கடைசியில் கழிமுகமாகி, உப்புத் தண்ணீரும் அலையாத்தியும் சேறுமாகக் கடலில் கலக்கிற இடத்தை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறாலைப் பிடித்துக் காட்டிய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அன்றைக்கு உங்களுக்குப் பாதி நாள் வருமானம் போயிருக்கும். படகு கொடுத்த அண்ணன்மார் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை, அது நியாயமில்லை என்று இப்போதும் சொல்கிறேன்.

எண்ணூர் என்றாலே அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு என்று மட்டும்தான் பேச்சு வருகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அது குறையவும் கூடாது. ஆனால் இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஆற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் ஏதாவது வேண்டும் இல்லையா? அதைக் கொடுத்தது நீங்கள்தான்.

அடுத்தது இதே ஆற்றில் இருக்கும் வல்லூர் அணைக்கட்டுப் பக்கம் போகலாம் என்று பேச்சு. மழை விட்டதும் தேதி சொல்கிறேன், வேன் தம்பி மட்டும் இப்போதே சரி சொல்லிவிட்டார். மூடியில்லாத இரண்டு டிபன் பாக்ஸ் என் வீட்டில் இருக்கின்றன, யாருடையது என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.