செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் திரைப்பட ரசனைச் சங்கத்தின் மாதாந்திரத் திரையிடல்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கப்பட்டது. செயற்குழுக் கூட்டம் இரண்டு முறை, போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது.

இனி பாப் டிலன் ஆவணப்பட வரிசை. ஒரே ராக் பாடகருக்கு மூன்று படங்கள் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பென்னிபேக்கரின் ‘டோன்ட் லுக் பேக்’ (1967), டிலனின் 1965 இங்கிலாந்துப் பயணத்தை 16 எம்.எம். கேமராவைக் கையில் ஏந்திப் பின்தொடர்கிறது, வர்ணனையே கிடையாது. ஸ்கார்செஸியின் ‘நோ டைரக்‌ஷன் ஹோம்’ (2005) 208 நிமிடம் ஓடியும் 1966 மோட்டார் சைக்கிள் விபத்தோடு நின்றுவிடுகிறது. அதில் டிலனைப் பேட்டி கண்டவர் ஸ்கார்செஸி அல்ல, டிலனின் மேலாளர் ஜெஃப் ரோசன். இது தெரிந்தால் படத்தையே வேறு விதமாகப் பார்ப்போம். ‘ரோலிங் தண்டர் ரெவ்யூ’வில் (2019) 1975 மேடைக் காட்சிகள் அசல், அவற்றை எடுத்ததாகச் சொல்லும் ‘வான் டார்ப்’ என்ற இயக்குநர் கற்பனைப் பாத்திரம், நடிகை ஷாரன் ஸ்டோன் சொல்லும் கதையும் புனைவு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு டிலனைத் தெரியும் என்று சொல்ல முடியாது.

செலவைவிட உழைப்பு அதிகம் பிடித்தது தமிழ் சப்டைட்டில். எந்த வசனம் எப்போது திரையில் வர வேண்டும் என்று குறிக்கும் ஆங்கில நேரக்கோப்பு நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் இருந்தது, நம் படப் பிரதி 23.976. முதல் வரியைச் சரிசெய்து நகர்த்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. 104 நிமிடத்தில் எழுத்து நாலேகால் நிமிடம் முன்னால் ஓடிவிடும். முதல் வசனம், கடைசி வசனம் இரண்டையும் பொருத்தி, இடையில் உள்ளதை விகிதப்படி நீட்ட வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கில வரியை அப்படியே பெயர்த்தால் மூன்று வரியாகும். இரண்டுக்கு மேல் விடவில்லை. கோப்பைத் தமிழ் எழுத்துகளைக் கையாளும் யூ.டி.எஃப்-8 குறியீட்டில் சேமித்தும், டிவியின் உள்பிளேயரில் ‘கெ’ போன்றவற்றின் கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்தது. அதனால் லேப்டாப்பிலிருந்தே ஓட்டினோம்.

‘நோ டைரக்‌ஷன் ஹோம்’ படத்தின் மான்செஸ்டர் மேடைக் காட்சியில் (17 மே 1966), மின் கிட்டாருக்கு மாறிய டிலனைத் துரோகி என்னும் பொருளில் கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று கத்துகிறார். அந்த ஒரு சொல் அரை நொடி முந்தி வந்தாலும் அரங்கம் கேட்பதற்குள் படித்துவிடும், அதிர்ச்சி போய்விடும். அதை மட்டும் பதினொரு முறை சரிபார்த்தோம். ‘டோன்ட் லுக் பேக்’கில் டிலனின் அன்றைய மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனும் முகவர் டிட்டோ பர்ன்ஸும் பிபிசியையும் கிரானடா என்ற தொலைக்காட்சி நிறுவனத்தையும் மோதவிட்டுத் தொலைபேசியில் விலையேற்றும் காட்சிக்கு, பேசுபவர் மாறும்போதெல்லாம் வரித் தொடக்கத்தில் சிறுகோடு போட்டோம். இல்லாவிட்டால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே புரியாது.

மண்டபத்தின் தகரக் கூரையில் பேச்சு எதிரொலித்தது. பேஸ் எனும் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, ஸ்பீக்கர்களைக் கீழ்நோக்கிச் சாய்த்ததும் தெளிவானது.

வரவு செலவு ஏறத்தாழ சமமாக உள்ளது, விவரம் பொருளாளரிடம். ஓடிடி சந்தாவோ கடையில் வாங்கிய டிவிடியோ பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது என்பதால் உரிமைக் கட்டணம் தனியாகக் கட்டினோம். மறுபுறம், பாதிப் பேருக்கு மேல் உறுப்பினர் சந்தா பாக்கி. மூன்று திரையிடலுக்கும் வராதவர்களே செலவைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

மண்டபம் தந்தவர்களுக்கும் நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, பீட்டில்ஸ் இசைக்குழு பற்றிய பீட்டர் ஜாக்சனின் ஆவணப்படம் ‘கெட் பேக்’ (2021) திட்டத்தில் உள்ளது. 1969 ஜனவரியில் எடுத்த சுமார் 60 மணி நேரக் காட்சிகளிலிருந்து தொகுத்த மூன்று பாகங்கள், ஏறக்குறைய 8 மணி நேரம். மொழிபெயர்க்க மூன்று பேராவது வேண்டும். உரிமைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால் சந்தா வந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். ரசீதுப் புத்தகம் இன்று வாசல் மேசையில் இருக்கும்.

செயலாளர்