பெல்ட்டுக்காக மாஸ்டரிடம் சண்டை போடாதீர்கள்: கராத்தே வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திருச்சியில் ஒரு கராத்தே வகுப்பில் மாணவியாகச் சேர்ந்து, இன்று அதே மாஸ்டருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவள் நான். ஒவ்வொரு பெல்ட் டெஸ்ட் முடிந்த பிறகும் வகுப்பு வாசலில் நடக்கிற ஒன்றைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். மாஸ்டர்கள் இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிள்ளையை நிறுத்திவிடுவீர்களோ என்ற பயம் அவர்களுக்கு.

"இவனும்தானே ஃபீஸ் கட்டினான்? கூடச் சேர்ந்த பையனுக்கு யெல்லோ பெல்ட் குடுத்துட்டீங்க, இவனுக்கு ஏன் இல்ல?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே கேட்கிறீர்கள். "இன்னும் ஆகலம்மா, அடுத்த டெஸ்ட்ல பாத்துக்கலாம்" என்று மாஸ்டர் தணிந்த குரலில் சொல்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வேறொரு வகுப்பில் ஆரஞ்சு பெல்ட்டோடு நிற்கிற போட்டோ உங்கள் ஸ்டேட்டஸில் வருகிறது.

அந்த "இன்னும் ஆகல" எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் ஜென்குத்சு-தாச்சி நிலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று குத்துகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மாஸ்டர் ஒரு பையன் பின்னால் போய்த் தரையில் குந்துகிறார். அவன் குத்தும்போதெல்லாம் பின்குதிகால் ஒரு விரற்கடை மேலே எழும்புகிறது. குதிகாலைத் தன் உள்ளங்கையால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப குத்து" என்கிறார். பையன் தடுமாறுகிறான். இடுப்பு திரும்பாமல் வெறும் தோளால் குத்திப் பழகிவிட்டான் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. அடுத்து முன்முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்க்கிறார். அதைச் சின்ன வயதிலேயே திருத்தாமல் விட்டால், வேகமும் எடையும் கூடும்போது முட்டிவலி வந்து நிற்கும். அந்தப் பையனுக்கு யெல்லோ பெல்ட் கொடுத்து அனுப்புவது மாஸ்டருக்குச் சுலபம், உங்களுக்கும் சந்தோஷம். கொடுக்காமல் விடுவதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. பிள்ளைக்காக மட்டுமே அவர் கெட்ட பேர் வாங்கிக்கொள்கிறார்.

கட்டா என்பது குத்து, தடுப்பு, உதைகளை ஒரே வரிசையில் கோத்த பயிற்சி. உங்கள் பிள்ளை வீட்டில் செய்து காட்டுகிற ஹெயான் ஷோடான் கட்டா, ஐந்து ஹெயான் கட்டாக்களில் ஒன்று (ஷீட்டோ-ரியூ பாணி வகுப்பு என்றால் அவற்றைப் பினான் என்பார்கள்). அவற்றை உருவாக்கியவர் ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த இட்டோசு அங்கோ. வீட்டு முற்றங்களில் ரகசியமாகக் கற்பிக்கப்பட்ட கலையை 1901-ல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பள்ளிப் பிள்ளைகளுக்காகவே அந்த ஐந்து கட்டாக்களையும் அமைத்தார். 1908-ல் கல்வித் துறைக்குக் கராத்தே பற்றிப் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் ஒன்றும் எழுதினார். கராத்தே சீக்கிரத்தில் வராது, மெல்ல நடக்கிற எருதும் ஆயிரம் காதம் போய்ச் சேரும், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மனம் வைத்துப் பழகினால் மூன்று நான்கு வருடத்தில் உடம்பே மாறும் என்பது அதில் ஒரு அம்சம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கராத்தேயை எளிமையாக்கிய மனிதர் குறித்துக் கொடுத்த கால அளவு அது. நாம் கேட்பதோ மூன்று மாதத்துக்கு ஒரு கலர்.

அந்தக் கலரும் இட்டோசு காலத்தில் கிடையாது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ வகுத்த தரவரிசையைப் பார்த்துத்தான் கராத்தேயிலும் அது வந்தது. இட்டோசுவின் மாணவர் ஃபுனகோஷி கிச்சின் தன் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் தரம் (பிளாக் பெல்ட் நிலை) கொடுத்தது 1924-ல். அந்த ஃபுனகோஷி எப்படிக் கற்றார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பகலில் பள்ளி ஆசிரியர் வேலை. இரவில் மங்கலான விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசான் அசாத்தோ அங்கோவின் வீட்டுக்கு நடை. முற்றத்தில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அசாத்தோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் "இன்னொரு தரம்" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும். திருப்தி என்றால் "நன்று" என்று ஒரே வார்த்தை. அதற்கு முன் அடுத்த கட்டாவுக்குப் போக முடியாது. மூன்று டெக்கி கட்டாக்களுக்கு ஃபுனகோஷிக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது. 1922-ல் டோக்கியோ போய்க் கராத்தேயை ஜப்பான் முழுக்க அறியச் செய்தவர் அவர். அசாத்தோவோ, அவருடைய நண்பரும் ஃபுனகோஷிக்கு இன்னொரு ஆசானுமான இட்டோசுவோ ஒருநாள் சலித்துப்போய் "சரி, போதும்" என்று சொல்லியிருந்தால், நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்குக் கராத்தே வந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆசானுக்கு மரியாதை செய்வது எப்படி என்று கேட்டால் மபுனி கென்வாவைச் சொல்வேன். இவரும் ஒகினாவாக்காரர், 1929-ல் ஒசாக்காவில் குடியேறியவர். தான் உருவாக்கிய பாணிக்குத் தன் பெயரை அவர் வைக்கவில்லை. தனக்குக் கற்றுத்தந்த இட்டோசு, ஹிகாஓன்னா கான்ரியோ இருவர் பெயரிலிருந்தும் ஆளுக்கொரு எழுத்தை எடுத்து ஷீட்டோ-ரியூ என்று வைத்தார். தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் இன்று ஷீட்டோ-ரியூதான் பழகுகிறார்கள். இட்டோசு 1915-ல் இறந்தபின் அவர் நினைவாகக் கல்லறை முன்னால் மபுனி கட்டா செய்துவந்தார் என்று அந்தப் பாணியைச் சேர்ந்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கற்றதைப் பிசகில்லாமல் ஆசான் முன்னால் செய்து காட்டுவதைவிடப் பெரிய காணிக்கை எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட மரியாதையை நம் காலத்திலும் கண்ணால் பார்த்திருக்கிறோம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஆண்கள் கட்டா பிரிவில் ஒகினாவாவின் கியுனா ரியோ தங்கம் வாங்கினார். ஜெயித்ததும் அவர் குதிக்கவில்லை, கத்தவில்லை. மேடை நடுவே மண்டியிட்டு உட்கார்ந்து தலை தாழ்த்தி வணங்கினார். பதக்க மேடையில் இறந்துபோன தன் அம்மாவின் படத்தைக் கையில் ஏந்தியிருந்தார். அவருடைய ஆசான் சகுமோத்தோ சுகுவோ, 1984, 1986, 1988 என்று தொடர்ந்து மூன்று முறை கட்டாவில் உலக சாம்பியன் ஆனவர். சகுமோத்தோவுக்குக் கற்றுத்தந்தவர் நகாய்மா கென்கோ. அவர்களுடைய ரியுஎய்-ரியூ பாணி தலைமுறை தலைமுறையாக நகாய்மா குடும்பத்துக்குள்ளேயே இருந்த கலை. பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவந்ததை ஒருவர் வெளியாளுக்குக் கொடுக்க, அவர் இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்க, கடைசியில் அது ஒலிம்பிக் மேடைக்கு வந்தது.

இனி நம் ஊர் மாஸ்டர்களின் நிலைமையைச் சொல்கிறேன். பலருக்குச் சொந்த இடம் கிடையாது. மாநகராட்சிப் பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்து மாடி, அபார்ட்மென்ட் பார்க்கிங் என்று எங்கே அனுமதி கிடைக்கிறதோ அங்கேதான் வகுப்பு. மாதக் கட்டணம் சில நூறு ரூபாய். அதையும் இரண்டு மாதம் சேர்த்துத் தருகிறவர்கள் உண்டு, லீவு மாதத்துக்குத் தராதவர்களும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கும் வேலை சிலருக்குக் கிடைக்கிறது; அது வருடத்தில் மூன்று மாதம்தான். மிச்சத்துக்கு டெஸ்ட் ஃபீஸை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அதிலும் சர்டிபிகேட்டுக்குச் சங்கத்துக்கு ஒரு பங்கு, பெல்ட்டுக்கு ஒரு பங்கு, வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினருக்கு வண்டிச் செலவு என்று போய்விடும். அதாவது, டெஸ்டில் ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்கிற மாஸ்டர், அந்தக் குடும்பத்தையே இழக்கத் துணிந்துதான் நிறுத்தி வைக்கிறார். மாதக் கட்டணத்தை எல்லாரும் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிட்டால் டெஸ்டை வைத்துப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஆசிரியர் தினத்தில் பூங்கொத்து கொடுப்பதைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ஃப்ளெக்ஸ் பேனர் வைப்பதையும் தயவுசெய்து விடுங்கள். பிள்ளைகள் விரல்மேல் பைக்கை ஏற்றுவது, வரிசையாக ஓடு உடைப்பது, பணம் கட்டினால் சான்றிதழ் தரும் தனியார் நிறுவனங்களை அழைத்து ‘உலக சாதனை’ நடத்துவது எதுவும் கராத்தே இல்லை. வளரும் எலும்புக்கு அது கேடு. உங்கள் மாஸ்டர் இதற்கெல்லாம் மறுக்கிறவர் என்றால் கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. மாஸ்டர் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பிள்ளையைக் கம்பால் அடிக்கிறவர், பெற்றோர் வகுப்பைப் பார்க்கக் கூடாது என்கிறவர், பெண்பிள்ளையைத் தனியாக வரச் சொல்கிறவர், இவர்களுக்கு மரியாதை தேவையில்லை. பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். நல்ல மாஸ்டர்கள் கதவைத் திறந்து வைத்துத்தான் வகுப்பு நடத்துவார்கள். பிள்ளையின் நிலையைத் திருத்தத் தொடுவதற்கு முன்னால்கூட எங்கள் மாஸ்டர் "தொடட்டுமா?" என்று கேட்பார், என்னையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்.

டெஸ்ட் ரிசல்ட் அன்று உங்கள் பிள்ளை பெயர் இல்லையென்றால், "எந்த இடம் சரியில்ல மாஸ்டர்?" என்று கேளுங்கள். குதிகாலா, இடுப்பா, குத்தும்போது பின்னால் இழுக்கிற கையா என்று உட்கார்ந்து விளக்குவார். தினம் பத்து நிமிடம் வீட்டு ஹாலில் அந்த ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைமுன் மாஸ்டரைக் குறைத்துப் பேசாதீர்கள். அப்பா அம்மா மதிக்காத ஒருவரிடம் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளாது.

பத்தாவது வந்துவிட்டது, நிறுத்துகிறோம் என்று முடிவெடுப்பது உங்கள் உரிமை. ஆனால் வருடக்கணக்கில் ‘சென்செய் நி ரெய்’ (ஆசிரியருக்கு வணக்கம்) என்று தலைவணங்கிய பிள்ளை போய்விட்டது என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் ‘லெஃப்ட்’ என்று வருவதைப் பார்த்துத்தான் மாஸ்டர் தெரிந்துகொள்கிறார். ஒரு சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். அவனே மாஸ்டரிடம் சொல்லட்டும். பரீட்சை முடிந்ததும் வா, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று சொல்லித்தான் எங்கள் மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவைப்பார்.

அன்புடன்,
ஒரு கராத்தே வகுப்பின் மூத்த மாணவி,
திருச்சி