வாழைக்குருத்துப் பச்சை

மதுரை,
பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்தப் பார்சலில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சுண்டவற்றல், அப்பளம் எல்லாம் உங்கம்மா கட்டியது. இந்தக் கடிதம் மட்டும் என் சரக்கு. பொடி டப்பாவுக்கு அடியில் சொருகியிருக்கிறேன், அவளுக்குத் தெரியாது. நீ போனில் கேட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காதைப் பற்றி உனக்குத் தெரியும். அதனால்தான் "சரி, பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14 அன்று மருமகள் வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடுத்தாள், ஜப்பானில் அன்றைக்குப் பெண்கள்தான் கொடுப்பார்கள், ஆண்கள் ஒரு மாதம் கழித்து மார்ச் 14-இல் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்கு ஒயிட் டே என்று பேர் என்றெல்லாம் சொன்னாய். "முப்பத்துநாலு வருஷம் ஜவுளிக்கடையில நின்ன ஆளு நீங்க, நல்ல சேலையா ஒண்ணு எடுத்து அனுப்புங்கப்பா, காசு போட்டு விடுறேன்" என்றாய்.

நான் எடுக்கவில்லை தம்பி. பார்சலைப் பிரித்துத் தேடாதே.

நீ சொன்னதில் எனக்குப் பிடித்தது ஆபீஸ் கதைதான். கூட வேலை செய்கிற பெண்கள் மரியாதைக்கு எல்லோருக்கும் கொடுக்கிற சாக்லேட் 'கிரி சோக்கோ', மனதுக்குப் பிடித்தவனுக்குக் கொடுப்பது 'ஹொன்மெய்'. திருப்பிச் செய்யும்போது வாங்கியதைப்போல மூன்று மடங்கு செய்ய வேண்டும் என்று ஒரு பேச்சும் உண்டு என்றாய். கேட்டதும் சிரித்துவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் பந்தல் வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறவரை ஜப்பானுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தது மாதிரி இருந்தது. ஆபீஸ் பெண்கள் கொடுத்தது மொய். அதற்கு நோட்டுப் பார்த்து பிஸ்கட் பெட்டி வாங்கிக் கொடுத்துவிடு, குறைவில்லாமல் செய். மருமகள் கொடுத்தது மொய் இல்லை. அதற்கு மூன்றால் பெருக்கிப் பார்த்தாய் என்றால் உன்னை நான் என்ன சொல்வது.

அந்த நாளே 1980-இல் மிட்டாய் செய்கிறவர்களின் சங்கம் கிளப்பிவிட்டதுதான் என்றாய், கொஞ்சம் இளக்காரமாக. ஆரம்பத்தில் மார்ஷ்மெல்லோ கொடுத்தார்கள், இப்போது அதையே கொடுத்தால் உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். வியாபாரிகள் கிளப்பியது என்பதால் நான் குறைவாக நினைக்க மாட்டேன். ஆடித் தள்ளுபடியைக் கிளப்பியதும் எங்களை மாதிரி ஆட்கள்தானே. ஆடியில் கல்யாணம் இல்லை, கடை காற்று வாங்கும். புதுப் பெண்ணை வேறு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று. பிரிந்து கிடக்கிற மாப்பிள்ளைகள் அல்வாவும் மல்லிகைப்பூவுமாக மாமியார் வீட்டுக்குச் சாக்குச் சொல்லிப் போவார்கள். போகிற வழியில் எங்கள் கடையிலும் ஒரு சேலை எடுப்பார்கள். அந்தக் கூச்சத்தோடு வந்து நிற்கிற பையன்களுக்கு நான் ஒருநாளும் விலை கூட்டிச் சொன்னதில்லை.

இன்னொன்று கவனித்தாயா? மார்ச் 14-ஐ ஒட்டித்தான் மாசி முடிந்து பங்குனி பிறக்கிறது. சில வருஷம் 14, சில வருஷம் 15. மாடி வீட்டு மாமி அன்றைக்குத்தான் காரடையான் நோன்பு இருப்பார். வெல்ல அடை, உப்பு அடை, மேலே உருகாத வெண்ணெய். புருஷன் ஒருநாளும் பிரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார். நமக்கும் ஒரு தட்டு வரும், நீ சின்ன வயதில் வெல்ல அடையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவாய். உங்கம்மாவுக்கு நோன்பு இல்லை, ஆனால் மாசியில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வாள். "மாசிக் கயிறு பாசி படியும்" என்பாள். மீனாட்சி கல்யாணம் முடிந்ததும் சித்திரை வீதிகளில் பெண்கள் நின்ற இடத்திலேயே கயிறு மாற்றுவதை நீயே எத்தனை தடவை பார்த்திருக்கிறாய். இத்தனையும் நமக்காக அவர்கள் செய்வது. பதிலுக்கு நாம் செய்வதற்கு என்று பஞ்சாங்கத்தில் ஒரு நாளும் இல்லை. அந்த ஊர் மிட்டாய்க்காரர்கள் ஒரு நாளை எடுத்து வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்.

சரி, சேலைக்கு வருகிறேன்.

எங்கள் தலை தீபாவளி 1989-இல். நான் கடையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்தவன் என்று நினைப்பு. அந்த சீசனில் அரக்குக் கலர் பட்டு, ஒரு சாண் ஜரிகை பார்டர், கண் மூடித் திறப்பதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, திருமங்கலத்துக்குக் கொண்டுபோனேன். உன் தாத்தா போட்ட மோதிரத்தைவிட என் சேலையைத்தான் ஊரே பார்த்தது. உங்கம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கட்டினாள். பதினொரு மணிக்குப் பார்க்கிறேன், பழைய வாயில் சேலைக்கு மாறியிருந்தாள். அதற்கப்புறம் இரண்டு கல்யாணத்துக்குக் கட்டியிருப்பாள். இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது. போன மாதம் எடுத்து உதறினேன், மடித்த இடத்திலேயே இற்றுப் போய் வரிவரியாக விட்டிருக்கிறது.

ஒருநாளும் அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஏழு வருஷம் கழித்து, உன் அக்கா பள்ளிக்கூடம் போன பிறகு, உன் அத்தையிடம் பேச்சுவாக்கில் சொல்வது என் காதில் விழுந்தது. "கனமா கட்டினா எனக்கு மூச்சு முட்டும்." கடையில் எது ஓடியதோ அதைத்தான் நான் எடுத்திருக்கிறேன். அவளுக்கு வியர்க்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

அன்றையிலிருந்து கொஞ்சம் பார்க்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டு சௌராஷ்டிரா அம்மா மாடியில் சுங்குடிச் சேலை காயப் போடும்போதெல்லாம், உங்கம்மா அந்த வழியாகப் போகையில் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போவாள். ஒரு நொடிதான். அச்சுப் போட்ட சுங்குடியில் புள்ளிகள் சிப்பாய் மாதிரி வரிசையாக நிற்கும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, நடுவில் சின்னச் சுருக்கம் விரலுக்குத் தட்டும். அந்தச் சுருக்கத்தைத்தான் அவள் தொட்டுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வாங்கி வந்தேன். பட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சேலைதான் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகி, நீ பிறந்தபோது உனக்குத் தூளி ஆனது.

இப்போது உன்னைக் கேட்கிறேன். மருமகள் அங்கே எங்கே சேலை கட்டுகிறாள்? காலையில் மொழி வகுப்பு, அப்புறம் கடைக்குப் போவது, சாயங்காலம் சமையல். வீடியோவில் எப்போது பார்த்தாலும் உன் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அந்தச் சூடு வைத்த மேஜைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். நான் அனுப்புகிற பட்டு அங்கேயும் பீரோவில்தான் மடங்கிக் கிடக்கும்.

கடைக்குப் பெண்டாட்டிக்குச் சேலை எடுக்க ஆண்கள் எப்படியெல்லாம் வருவார்கள் என்று ஒரு புத்தகமே எழுதலாம். "விலையைப் பத்திக் கவலைப்படாதீங்க, நல்லதா எடுங்க" என்று சொல்கிறவர்தான் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். மச்சினிக்குப் போன் போட்டுக் கொடுத்து நம்மையே பேசச் சொல்கிறவர் ஒரு ரகம். என் மனதில் நின்றது ஒரே ஒருவர்தான். தீபாவளிக்கு முந்தின ராத்திரி, பத்தரை, பதினொன்று இருக்கும். விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமில்லை. ஒரு கொத்தனார் உள்ளே வந்தார், நகக்கண்ணில் சிமெண்ட் காயக்கூட இல்லை. பச்சையில் காட்டச் சொன்னார். இருபது சேலை பிரித்துப் போட்டேன். "இது இல்லீங்க, வாழைக்குருத்து" என்று சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து, அதற்குள் சுருட்டி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அதைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சேலை மேலும் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்று பொருந்தியது, ஆனால் பெரிய பார்டர். "அவ கட்டைங்க. அஞ்சு மீட்டரும் சுத்தி, இடுப்புல பாதி பார்டரைச் சொருகிடுவா. காசு கொடுத்து வாங்கி உள்ளே சொருகவா?" என்றார். சின்ன பார்டரில் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார்கள். விலை முந்நூறு சொச்சம். வளையல் துண்டை மறக்காமல் திரும்பச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

உனக்கும் அப்படி ஏதாவது தெரியுமா? உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. டிசம்பர் 24 அங்கே ஜோடிகளுக்கான ராத்திரி, ஸ்ட்ராபெரி கேக் வெட்டுவார்கள் என்று மருமகள் உங்கம்மாவுக்குப் படம் அனுப்பியிருந்தாள். அந்தக் கேக் ஒரு கடையின் கண்ணாடிக்குள் இருந்தது. வீட்டு மேஜையில் இருந்த படம் வரவில்லை. அன்றைக்கு நீ ஆபீஸிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை.

உடம்பில் படுகிற பொருளை வாங்கினால் அளவு தெரிய வேண்டும். கண்ணாடி வளையல் என்றால் 2-4, 2-6 என்று நம்பர் உண்டு. இரண்டு அங்குலம், அதற்கு மேல் எத்தனை வீசம் என்று கணக்கு. மோதிரம் என்றால் அவள் கழற்றி வைத்ததன் உள்வட்டத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போ, தூங்கும்போது நூல் கட்டி அளந்தால் முழித்துக்கொள்வாள். கொலுசு என்றால் பத்து அங்குலமா பத்தரையா என்று பார். அந்த ஊரில் பலகைத் தரை, கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்கும் என்று அவள் நடையையே மெதுவாக்கிக்கொண்டிருப்பதாக உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அதனால் முத்து இல்லாததாகப் பார். கொக்கி வேண்டாம், சாக்ஸில் மாட்டும். திருகு வைத்ததே நல்லது.

அப்பா இதையும் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. உள்ளாடை, நைட்டி எடுக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அளவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு "மீடியம்" என்பார்கள். மறுநாள் அந்தப் பொட்டலம் மாற்ற வந்துவிடும், கொண்டு வருவது அந்தப் பெண்தான், அவள்தான் கூச்சப்பட்டு நிற்பாள். அப்படி ஏதாவது வாங்குகிற யோசனை இருந்தால், துணி காயப் போடும்போது உள்பக்கத்துச் சீட்டைப் பார்த்துக்கொள். வீட்டில் துணி மடிக்கிற புருஷனுக்கு இந்தக் கஷ்டமே இல்லை.

வாங்கக் கூடாதது என்றும் கொஞ்சம் இருக்கிறது. கர்சீப் கொடுத்தால் பிரிவு என்று இங்கே சொல்வார்கள், அங்கேயும் அதே பேச்சு இருக்கிறது என்றாயே, ஆச்சரியம்தான். சீப்பும் கொடுக்க மாட்டார்கள், அதன் பேரில் கஷ்டமும் சாவும் ஒலிக்கிறது என்றாய். நான்கு என்ற எண்ணும் ஆகாது. நம்புகிறாயோ இல்லையோ, அவள் அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களிடம் காட்டுவாள் அல்லவா, அதற்காகவாவது தவிர்த்துவிடு.

மல்லிகை அனுப்ப வழி இருந்தால் அதைத்தான் அனுப்பியிருப்பேன். இப்போது மாட்டுத்தாவணியில் பூ வரத்துக் கம்மி, விலை கேட்டால் தலை சுற்றுகிறது. நான் கடை அடைத்துவிட்டு ஒன்பதரைக்கு இரண்டு முழம் வாங்கி வருவேன், ஞாபகம் இருக்கிறதா? காலையில் பறித்த மொட்டு அந்த நேரத்துக்குத்தான் விரிய ஆரம்பிக்கும். தூங்கப் போகிற நேரத்தில் எதற்குப் பூ என்று நீ கேட்டாய், ஏழு வயதில். உங்கம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

கூப்பிடுகிறாள், பார்சலுக்குக் கயிறு கட்ட வேண்டுமாம். இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறீர்கள் என்கிறாள். பருப்புப் பொடிக்கு எத்தனை கரண்டி நெய் என்று எழுதுகிறேன் என்றேன். நம்பவில்லை.

புதுமண்டபத்துக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நம் வளையல்காரரும் அங்கேதான் இருக்கிறார், வாழைக்குருத்துப் பச்சை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது நம்பரை மட்டும் சொல். அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா