பிளஸ் டூ பெற்றோருக்கு: வினிகரும் ஆசிட்டும் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் கெமிஸ்ட்ரி லேபில் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி, அதே செறிவில் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம், 20 மில்லி. இரண்டில் எதை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் அதிகம் வேண்டும்? "ஹைட்ரோகுளோரிக்தான் மிஸ், அதுதானே ஸ்ட்ராங்" என்று கிட்டத்தட்ட எல்லாரும் சொன்னார்கள். முதலாவதின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1, இரண்டாவதின் பி.எச். 2.9 என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள்தான் அவர்களும்.

சரி, செய்து பாருங்கள் என்றேன். காரம் மிஞ்சினால் ரோஸ் நிறமாகும் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி விட்ட அசிட்டிக் அமிலத்தில், சோடியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய பியூரெட்டை (அளவு குறித்த கண்ணாடிக் குழாயை) ஒரு மாணவி சொட்டுச் சொட்டாகத் திறந்தாள்; சொட்டு விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் வரும், குடுவையைச் சுழற்றினால் மறைந்துவிடும், கடைசியில் ஒரே ஒரு சொட்டில் மறையாமல் நின்றது. அளவைப் பார்த்தால் 20 மில்லி. ஹைட்ரோகுளோரிக்குக்கும் அதே 20.

இந்தச் செறிவில் அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறுகள் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் பிரிந்து, அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியை (மின்னூட்டமுள்ள துகளை) விட்டிருக்கும். ஆனால் காரம் வந்து அந்த ஹைட்ரஜன் அயனிகளை எடுக்க எடுக்க, மீதி மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே இருக்கும், கடைசி வரைக்கும். வலிமை வேறு, செறிவு வேறு. அயனிச் சமநிலைப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான், சூத்திரத்தில் இல்லை.

அதனால் இந்த வாரம் மார்க் எவ்வளவு என்று கேட்காமல், இரண்டுக்கும் ஏன் 20 மில்லி என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லட்டும், திணறினால் திணறட்டும். ராத்திரி கரைத்த இட்லி மாவு சென்னை வெயிலில் விடிவதற்குள் ஏன் புளிக்கிறது, மஞ்சள் கறை பட்ட யூனிபார்ம் சட்டையில் சோப்பு போட்டதும் ஏன் சிவக்கிறது, இதையும் கேட்கலாம். முதலாவது பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலம்; இரண்டாவதில் சோப்பின் காரத்துக்கு மஞ்சளே நிறங்காட்டி.

அப்புறம் ஒன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டில் சோதனை செய்கிறேன் என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொட விடாதீர்கள். சம்ப் கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

லேப் நாளில் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். நீளமான முடி என்றால் பின்னிக் கட்டியிருக்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்